ஆப்ஷன் சார்

பதவி உயர்வு ஆணை வந்ததும் மற்றவர்கள் இனிப்புக் கடைக்குப் போவார்கள். ஆப்ஷன் சார் ஆணையைத் திருப்பி, பின்பக்கம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார். கணக்கு அங்கேதான் நடக்கும். மே மாதம் பதவி உயர்வு. ஜூலை 1-இல் ஆண்டு இன்கிரிமென்ட். மே மாதமே ஊதியத்தை நிர்ணயிக்கச் சொல்வதா, ஜூலை வரை பொறுத்து இரண்டையும் சேர்த்து வாங்குவதா? இந்தத் தேதியைத் தேர்ந்தெடுப்பதற்குப் பெயர்தான் ஆப்ஷன். அடிப்படை ஊதியம் 40,000 என்றால் 3 சதவீதம் 1,200, அதன்மேல் அகவிலைப்படி. பொறுத்தால் இரண்டு மாதத்தில் போவது எவ்வளவு, ஓய்வு பெறும்வரை வருவது எவ்வளவு? பில் கிளார்க்கிடம் கேட்பார், கருவூலத்தில் தெரிந்தவரிடம் கேட்பார், ஓய்வு பெற்ற கண்காணிப்பாளரைத் தேடிப் போய்க் கேட்பார். மூவரும் ஒரே விடையைச் சொன்னால் சந்தேகம் வந்து நான்காவது ஆளிடம் போவார். வாழ்த்துச் சொல்லக் கை நீட்டினால், கையை விடாமலே "மேயா, ஜூலையா? நீங்க என்ன சொல்றீங்க?" என்பார். தனக்குப் பின்னால் பணியில் சேர்ந்தவர் தன்னைவிட நூறு ரூபாய் கூடுதலாக வாங்கிவிடுவாரோ என்பதுதான் அவருடைய தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம்.

இதைப் பேராசை என்று சொல்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. தனியார் கம்பெனியில் பதவி உயர்வு தந்தால், "இவ்வளவு கொடுத்தால் சரி" என்று எதிரே உட்கார்ந்து பேசலாம். அரசு ஊழியருக்கு எதிரே உட்கார ஆளே கிடையாது. 2017 அக்டோபரில் வந்த அரசாணை 303-இன் ஊதிய அட்டவணைதான் இருக்கிறது. இளநிலை உதவியாளருக்குத் தொடக்கம் 19,500. உதவியாளருக்குத் துறையைப் பொறுத்து 20,000 அல்லது 20,600. கட்டத்தோடு யார் பேரம் பேசுவது? விதி அவருக்கு விட்டுவைத்த ஒரே சந்து அந்தத் தேதிதான். அதில் தவறினால் நட்டம் ஒவ்வோர் ஆண்டும் கூடவே வரும். ஆகவே காலண்டரோடு மல்லுக்கட்டும் அவர்மேல் எனக்குப் பரிவு உண்டு.

பரிவு கச்சிராயபாளையம் வரைதான். அதைத் தாண்டிக் கல்வராயன் மலைப் பாதை ஏறுகிறது. ஆணையில் பணியிடம் வெள்ளிமலை என்றிருந்தால், கணக்குக் காகிதம் மடிந்துவிடும். உரிமைவிடல் கடிதம் பிறக்கும். பதவியே வேண்டாமாம், இப்போதிருக்கும் கள்ளக்குறிச்சியே போதுமாம். பிள்ளைகளின் பள்ளி, வயதான பெற்றோர், மலையில் வாடகை வீட்டுக்கு அலைச்சல் என்று அவர் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. மலைப்படி என்று கொடுப்பது இவற்றை ஈடுகட்டாது என்பதும் உண்மை. மலையில் குடியிருப்பும் உருப்படியான படியும் தராமல் ஆளை மட்டும் அனுப்ப நினைக்கும் அரசுக்கும் இதில் பாதிப் பழி உண்டு.

ஆனால் மீதிப் பாதி சாருடையது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும், வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு மலைக்குத் தனி வட்டம் அமைந்ததும், மக்கள் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் மலையிறங்கி அலையாதிருக்கத்தான். நாற்காலிக்கு ஆள் வராவிட்டால் அலுவலகத்தின் பெயர்ப் பலகையா கையெழுத்துப் போடும்? 1976 வரை ஜாகிர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்த மலை அது. அங்கிருப்பவர்களுக்குத் தேதியைத் தள்ளிப்போட ஆப்ஷன் எதுவும் யாரும் தந்ததில்லை. சாதிச் சான்றிதழுக்குப் பள்ளி சொல்லும் கெடு கெடுதான். சார், ஆணையின் பின்பக்கத்தில் இன்னும் ஓரிடம் காலியாக இருக்கும். இரண்டு மாத ஊதியத்தைப் பைசா பிசகாமல் கூட்டத் தெரிந்த நீங்கள், ஒரு சான்றிதழுக்காக மூன்று முறை வந்து திரும்புகிறவரின் பஸ் செலவையும் மூன்று நாள் கூலியையும் அங்கே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.