கேராரின் ஜன்னல்: கிறிஸ்தவத் தம்பதிகளின் விளையாட்டைக் குறித்த ஓர் ஆராய்ச்சி

கிறிஸ்தவ விவாகத்தைப் பற்றிய நூல்களில் கடமைக்கும் பொறுமைக்கும் சிக்கனத்துக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் தாராளமாக அத்தியாயங்களை ஒதுக்கிய பண்டிதர்கள், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கலாமா என்ற ஆதாரக் கேள்வியை மாத்திரம் தீண்டாமல் விட்டது சாஸ்திர உலகத்துக்கு நேர்ந்த பெரும் நஷ்டமாகும்.

இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப்புத்தகம், விவாகத்தில் விளையாட்டுத்தனமாகப் பிரவேசிக்கலாகாது என்று எச்சரிக்கிறது. அந்நூலின் மொழிபெயர்ப்பைத் தலைமுறைகளாகக் கேட்டுவந்த திருநெல்வேலிச் சீமையில், இவ்வெச்சரிக்கை காதில் விழுந்ததும் இறுகிய மாப்பிள்ளையின் முகம் போட்டோ ஸ்டுடியோவரை இளகாமல் சென்று, முன்னறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நிரந்தரமாகிவிட்டது. ஆனால் அதே ஆராதனையில் சற்றுப் பின்னால், முழங்காற்படியிட்ட மணமக்களுக்காக வேண்டுகையில், ஈசாக்கும் ரெபெக்காளும் வாழ்ந்தது போல் இவர்களும் உண்மையாய் வாழ வேண்டும் என்று குருவானவர் விண்ணப்பிப்பதை ஊன்றிக் கவனித்தவர் அரிது.

கவனித்திருந்தால் ஆதியாகமம் 26-ஆம் அதிகாரத்தைப் புரட்டியிருப்பார்கள். பஞ்சத்தினால் கேராருக்குப் போன ஈசாக்கு, மனைவியின் அழகினால் தம் உயிருக்கு ஆபத்து வருமென்று அஞ்சி, அவளைத் தம் சகோதரி என்று ஊராரிடம் சொல்லிவைக்கிறார். ஒரு நாள் ராஜாவாகிய அபிமெலேக்கு ஜன்னல் வழியே பார்க்க, இருவரும் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். உடனே ஈசாக்கை வரவழைத்து, அவள் உன் மனைவிதான் என்று ராஜா தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். வேறு சாட்சியம் எதுவும் கோரவில்லை. தாம்பத்தியத்துக்கு விளையாட்டே போதிய பிரமாணம் என்பது அவருடைய நியாயம். (அடுத்தவர் வீட்டை ஜன்னல் வழியே நோக்கும் அரச வழக்கத்தைப் பற்றிய விசாரணை இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.) என்ன விளையாட்டு என்று வேதம் விவரிக்காததால் வியாக்கியானிகள் சிலர் முகம் சிவக்கிறார்கள், அடியேன் கிச்சுக்கிச்சு மூட்டினார்கள் என்னும் கட்சி.

இதனினும் முக்கியமானது வயது. ஈசாக்கு நாற்பதில் மணந்து அறுபதில் இரட்டைப் பிள்ளைகளுக்குத் தகப்பனானவர். அதிகார வரிசையை அப்படியே ஒப்புக்கொண்டால் ஜன்னல் சம்பவம் அதற்கும் பிந்தியது. வரிசை பிசகியிருக்கிறது என்று வாதிப்போர் உண்டு. அவர்கள் இன்னும் அறுபதைத் தொடாதவர்களாயிருக்கலாம். ஆகவே, கையில் நாலு காசு சேரட்டும், பிள்ளைகள் கரையேறட்டும், பிறகு சிரித்துக்கொள்ளலாம் என்று தவணை சொல்லும் தம்பதிகளுக்கு, பஞ்ச காலத்தில், அந்நிய ஊரில், உயிர்ப்பயத்தின் நடுவே விளையாடிய இந்தப் பெரியவர் சிறிதும் அனுகூலமான சாட்சியல்லர். பிற்காலத்தில் ரெபெக்காள் வெள்ளாட்டுக் குட்டிகளைச் சமைத்து, கண் மங்கிய அதே கணவருக்கு வேட்டை இறைச்சியென்று கொடுத்தனுப்பியது விளையாட்டில் சேராது. அதில் ஒருவர் மாத்திரமே சிரித்திருக்க முடியும்.

1525-இல் கத்தரீனா வான் போராவை மணந்த மார்ட்டின் லூத்தரும் இச்சாஸ்திரத்தில் தேர்ந்தவரே. 1546 பிப்ரவரி 10-ஆம் தேதி ஐஸ்லேபனிலிருந்து, வீட்டில் தம்மைக் குறித்து ஓயாமல் கவலைப்பட்டுக்கொண்டிருந்த அம்மையாருக்கு எழுதுகையில், அவர் கவலைப்படத் தொடங்கியதிலிருந்து தம் அறை வாசலில் தீப்பற்றியதென்றும், தலைமேல் கல் விழப் பார்த்ததென்றும், இப்படியே போனால் பூமியும் விழுங்கிவிடும் போலிருக்கிறதென்றும் சீண்டினார். எட்டு நாளில் லூத்தர் காலமானார் என்பதை அறிந்து படித்தாலும் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

எதிர்த் திருஷ்டாந்தம் ஜான் வெஸ்லியின் பெற்றோர். எப்வொர்த் குருவானவர் சாமுவேல் வெஸ்லி குடும்ப ஜெபத்தில் வில்லியம் அரசருக்காக வேண்டியபோது, நாட்டைவிட்டுப் போன ஜேம்ஸே மெய்யான அரசர் என்று நம்பியிருந்த சூசன்னா அம்மையார் ஆமென் சொல்லவில்லை. அதற்காகக் கணவர் வீட்டைவிட்டே போய்ச் சில மாதங்கள் பிரிந்திருந்தார். 1702-இல் வில்லியம் இறந்து, இருவருக்கும் சம்மதமான ஆன் அரசியானார், சமாதானமும் உண்டாயிற்று, 1703-இல் ஜான் பிறந்தார். இருவரில் ஒருவர் அன்றிரவே சிரித்துத் தொலைத்திருந்தால் ஓர் அரசர் சாகும்வரை காத்திருக்க வேண்டியிராது.

நம் பக்கத்து மனைவிமார் ஆமெனை மறுப்பதில்லை, முந்திச் சொல்லிவிடுகிறார்கள். உற்றார், சபையார், மிஷனரிகள், அரசாங்கம் எல்லாவற்றையும் கடந்து கணவர் தூரதேசங்களை நோக்கி ஜெபத்தில் புறப்படுகையில், அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும் வாடையை முகர்ந்த அம்மாள், அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் உரக்க ஓர் ஆமெனைப் போட்டு முத்திரை வைத்துவிடுவாள். பிள்ளைகள் பாயில் முகத்தைப் புதைத்துக் குலுங்குவார்கள். அதன்பின் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும் கணவர்கள் உண்டு. அடிப்பிடித்த குழம்புக்காகவும் ஒரு ஸ்தோத்திரத்தைச் சேர்த்து முடித்துவிட்டுக் கண் திறக்கையில், மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கக் காண்பவர்களும் உண்டு. இவ்விரண்டாம் வகையார் வீட்டில் குழம்பு அடிக்கடி அடிப்பிடிக்கிறதா என்பது மேலும் ஆராயத்தக்கது.