அலமாரியைத் திறவுங்கோ, தம்பி

தம்பி, போன கிழமை உங்கட வீட்டுக்கு வந்தபோது குசினி மேசையில அந்தச் சின்னப் புத்தகத்தைக் கண்டன். நோர்வே அரசாங்கம் 2024 நவம்பரில வீட்டுக்கு வீடு அனுப்பினது. 2018இலயும் ஒருக்கா அனுப்பினவை. அப்ப மூண்டு நாளுக்குச் சாப்பாடு வைச்சிருக்கச் சொன்னவை, இப்ப ஏழு நாளுக்கு. ஆளுக்கு 20 லீற்றர் தண்ணி, மொறுமொறு ரொட்டி, ஓட்ஸ், ரின்னில அடைச்ச பயறு பருப்பு எண்டு ஒரு பட்டியலும் கிடக்கு. வாசிச்ச பிள்ளைக்கு, உங்கட மனுசிக்கு, முகம் வாடிப்போச்சு. "ஏழு நாளைக்கு என்ன செய்யிறது பெரியப்பா?" எண்டு என்னைக் கேட்டவ. நான் ஒண்டும் பறையேல்லை. எழும்பிப் போய் அலமாரியைத் திறந்தன்.

ஐயோ, அது அலமாரியே! சிவப்புப் பச்சையரிசி ஒரு மூட்டை, பாஸ்மதி ஒரு மூட்டை, மைசூர்ப் பருப்பு, கடலை, கௌபி, வறுத்த அரிசி மா, அவிச்ச கோதுமை மா, ஊரில இருந்து ஆரோ காவிக்கொண்டு வந்த ஒடியல் மா. தேங்காய்ப்பால் ரின் அடுக்கடுக்காய். கறித்தூள் மட்டும் நாலு போத்தல்: உங்கட அம்மா தந்தது, பிள்ளையின்ர அம்மா தந்தது, கனடா மச்சாள் அனுப்பினது, சண்டை வரக்கூடாதெண்டு நீங்கள் கடையில வாங்கினது. நாலில ஒண்டும் கழுத்துக்குக் கீழ இறங்கேல்லை. உந்தச் சாமானை வைச்சு ஒஸ்லோ ஃபூருசெத் பகுதி முழுக்கப் பந்தி போடலாம். ஆனால் அண்டைக்கு இரவு எனக்குத் தட்டில வந்தது கிரண்டியோசா.

நான் குறை சொல்லேல்லை, தம்பி. 1980இல இருந்து இந்த நாடு விரும்பித் தின்னுற பீற்சா. பெட்டியை உடைச்ச கைப்பக்குவமும் நல்லாய்த்தான் இருந்தது.

"வேலையால வந்தால் சமைக்க நேரமெங்க பெரியப்பா" எண்டு சொன்னனீங்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். ஓவன் சூடாகிற நேரமும் பீற்சா வேகிற நேரமும் சேர்ந்தால் மைசூர்ப் பருப்பு ஒருக்கா அவிஞ்சு, தாளிச்சு, ஆறியும் போயிருக்கும். மைசூர்ப் பருப்பை ஊறவைக்கவும் தேவையில்லை. அதைவிடப் பகிடி, சாப்பாட்டுக்குப் போனில சொல்லிப்போட்டு, கொண்டுவாற பொடியன் எந்தச் சந்தியால திரும்பிறான் எண்டு ரெண்டு பேரும் படத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. பிள்ளை அந்த நேரத்தில இன்னொரு போனில ஆரோ ஒருத்தி புட்டு அவிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருக்கிறா. ஏட்டுச் சுரைக்காயை இப்ப யூரியூப்பில காட்டுறாங்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கட காலத்துக் கதை சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும் எண்டு தெரியும். கெதியாச் சொல்லி முடிக்கிறன். எழுபதில இருந்து எழுபத்தேழு வரைக்கும் இலங்கையில சிறிமாவோ அம்மையாரின்ர ஆட்சி. இறக்குமதி நிண்டுபோச்சு, பாணுக்கு வரிசை, வீட்டுக்கு வீடு மரவள்ளிக் கிழங்கு. தொண்ணூறில வடக்குக்குப் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் இல்லாமல் ஜாம் போத்தலுக்குள்ள சொட்டு எண்ணெய் விட்டுத் திரி கொளுத்தின காலம். அந்த வெளிச்சத்தில உங்கட பெரியம்மா குரக்கன் மாவில புட்டவிச்சவ. அவவுக்கு ஒருதரும் புத்தகம் அனுப்பேல்லை. சரி, கொட்டாவியை மூடுங்கோ.

எங்கட ஆக்களை விடுங்கோ, இந்த நாட்டுக்காரரைப் பாருங்கோ. இவைக்குத் தேசியச் சாப்பாடு எண்டு ஒண்டு இருக்கு, ஃபோரிகோல். 1972இல வானொலி நிகழ்ச்சி ஒண்டில நேயர்கள் தெரிஞ்செடுத்தது. 2014இலயும் ஒருக்காப் போட்டி வைச்சுப் பார்த்தவை, திரும்ப அதுதான் வெண்டது. அதில என்ன கிடக்கு? எலும்போட செம்மறி ஆட்டிறைச்சி, கோவா, முழு மிளகு, உப்பு, தண்ணி. சில வீடுகளில கொஞ்சம் மாவும் தூவுவினம். இறைச்சி ஒரு அடுக்கு, கோவா ஒரு அடுக்கு எண்டு சட்டியில அடுக்கி, அடுப்பைத் தணிச்சு வைச்சிட்டுத் தங்கட அலுவலைப் பார்ப்பினம். ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில எலும்பு தன்ர பாட்டில கழண்டு வரும். செப்டெம்பர் கடைசி வியாழக்கிழமையை அதுக்கெண்டே திருநாளாயும் வைச்சிருக்கினம். உதில மணக்கிற ஒரே சாமான் மிளகு, அதுவும் எங்கட பக்கத்தில விளையிறது. நான் சமைக்கேக்க ரெண்டு செத்தல் மிளகாயும் போடுறனான். நோர்வேச் சட்டத்தில அதுக்குத் தண்டனை ஒண்டும் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு இவை கட்டிக்குடுக்கிற மாத்பக்கவைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறனீங்கள். ரெண்டு துண்டு பாண், மேல மண்ணிறச் சீஸ், ஒண்டோடொண்டு ஒட்டாமல் நடுவில ஒரு மெல்லிசுக் கடுதாசி. காய்ஞ்ச சாப்பாடுதான், நான் மறுக்கேல்லை. ஆனால் அதைத் தகப்பன் காலமை நித்திரைத் தூக்கத்தோட எழும்பித் தன்ர கையால வெட்டிக் கட்டுறான். 1930களில ஒஸ்லோப் பள்ளிக்கூடங்களில கார்ல் ஷியொட்ஸ் எண்ட டொக்டர் காலமைச் சாப்பாடு குடுக்கேக்கயும் பாண், பால், பழம் அல்லது பச்சைக் கரட் எண்டு அடுப்பு மூட்டத் தேவையில்லாத சாமான்தான் குடுத்தவர். அதைத் திண்டு வளர்ந்த கிழவன்மார் இப்பவும் பனிக்குள்ள சறுக்கிக்கொண்டு போகினம். நீங்கள் ஒரு மாடி ஏறவே லிப்ற்றுக்கு நிக்கிறியள்.

சரி, பகிடி போதும். கையைக் கழுவிப்போட்டு வாங்கோ.

இங்கத்தைய எந்தக் கடையிலயும் மக்ரெல் இ துமாத் எண்டு ஒரு தட்டை ரின் கிடக்கும். தக்காளிக் குழம்புக்குள்ள கானாங்கெளுத்தி. நோர்வேப் பிள்ளையள் அதைப் பாணில பூசித் தின்னுங்கள். உங்கட அலமாரியின்ர பின்பக்கத்தில மூண்டு ரின் ஒளிச்சு நிக்குது, நான் கண்டனான். தாச்சியில எண்ணெய் விட்டு, கடுகு, பெருஞ்சீரகம், வெந்தயம் கொஞ்சம். வெங்காயமும் உள்ளியும் வடிவாய்ச் சிவக்கட்டும். பிரீசருக்குள்ள கல்லாய்க் கிடக்கிற கறிவேப்பிலையைக் கையால நொறுக்கிப் போடுங்கோ. நாலு போத்தலில உங்களுக்கு ஆரில பயமோ அவவின்ர தூளில ஒண்டரைக் கரண்டி. உந்த ரின் குழம்பு கொஞ்சம் இனிக்கும். அதால பழப்புளி கரைச்சு விடாமல் இறக்காதேங்கோ. புளி கொதிச்ச பிறகுதான் மீன் போடவேணும். போட்டால் அகப்பையைக் கீழ வைச்சிடுங்கோ. கிளறினால் மீன் சம்பலாய்ப் போம். சட்டியைப் பிடிச்சு ஒருக்காச் சுழட்டிவிட்டால் காணும்.

தம்பி, மீனை நான் இவ்வளவு கதைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. நாங்கள் இந்த நாட்டுக்குள்ள வந்ததே மீனோடதான். குருநகர் அந்தோனி இராஜேந்திரம் 1956இல இங்க வந்தவர், பிறகு காரைநகரில சீநோர் மீன்பிடித் திட்டம் தொடங்கக் காரணமாய் இருந்தவர். எண்பதுகளில வந்த எங்களில கனபேர் வடக்க, ஃபின்மார்க் பக்கத்து மீன் தொழிற்சாலையளில நிண்டு மீன் வெட்டினவை. அங்கதான் பெரிய கொட் மீன் தலையை இவை கறிக்கு எடுக்கிறேல்லை எண்டு கண்டன். காயவிட்டு நைஜீரியாவுக்கு அனுப்பிப் போடுவினம். அந்தத் தலையையும் ஒடியல் மாவையும் ஒரு சட்டிக்குள்ள சந்திக்க வைச்ச முதல் நாள் அறையில நிண்ட பொடியள் ஒருதரும் கதைக்கேல்லை. கூழ் முடிஞ்ச பிறகுதான் வாய் திறந்தாங்கள்.

உங்கட சின்னவனுக்கு உறைப்பு ஏலாது எண்டு சொன்னனீங்கள். இங்க மீன் உருண்டையை ரின்னில அடைச்சு விக்கினம், ஃபிஸ்கபொல்லர். வெள்ளையாய், ஒரு குற்றமும் தெரியாத முகத்தோட கிடக்கும். மீன், பால், உருளைக்கிழங்கு மா, வேற ஒண்டும் பெரிசாய் இல்லை. இவை வெள்ளைக் குழம்பு ஊத்திச் சாப்பிடுவினம். நாங்கள் சொதிக்குள்ள போடுவம். ரின்னுக்குள்ள இருக்கிற தண்ணியை ஊத்திப் போடாதேங்கோ, அதிலயே வெங்காயம், வெந்தயம், மஞ்சள், ரெண்டாய்க் கீறின பச்சைமிளகாய் அவியட்டும். அதில உப்பு இருக்கு, மேலதிகமாய்ப் போட்டால் கடல்தான். உருண்டையள் ஏற்கெனவே வெந்தது, சூடாகினால் சரி. தேங்காய்ப்பாலை விட்டு ஒருக்கா நுரைச்சு வர அடுப்பை நிப்பாட்டி, அதுக்குப் பிறகுதான் தேசிக்காய்ப் புளி. கொதிக்கக் கொதிக்கப் புளி விட்டால் சொதி திரைஞ்சு, பிள்ளை என்னைத்தான் திட்டுவா.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வியள்? பெரிய கடையள் பூட்டு. 100 சதுர மீற்றருக்கு உட்பட்ட சின்னப் பலசரக்குக் கடைதான் திறக்கலாம் எண்டு சட்டம். ஈஸ்ரருக்கோ பெரிய வியாழனும் பெரிய வெள்ளியும் பூட்டு, திங்களும் பூட்டு. ஊரில ஆமிக்காரன் றோட்டைப் பூட்டினபோது இல்லாத பதகளிப்பு உங்களுக்குச் சனிக்கிழமை பின்னேரம் வருது. இல்லையெண்டால் காரை எடுத்துக்கொண்டு 100 கிலோமீற்றருக்கு மேல ஓடி, சுவீடன் எல்லையில மலிவு இறைச்சி வாங்கி, பெற்றோலையும் றோட்டு ரோலையும் கணக்கில சேர்க்காமல் லாபம் எண்டு சொல்லுறியள்.

கடைசியாய் வெள்ளிக்கிழமை. இந்த நாட்டில வெள்ளி எண்டால் தாக்கோ, வீட்டுக்கு வீடு அரைச்ச இறைச்சி. எங்களுக்கு வெள்ளி மச்சம் இல்லாத நாள். உங்கட வீட்டில சின்னவன் தாக்கோ எண்டு அழ, பிள்ளை விரதம் எண்டு அழ, நீங்கள் நடுவில நிண்டு பெட்டி பீற்சாவைத் தேடுறியள். வியாழன் இரவு கௌபியை ஊறப்போடுங்கோ. அவிச்சு, சீரகமும் செத்தல் மிளகாயும் போட்டுப் பிரட்டி, அந்தத் தாக்கோ மெல்லிசு ரொட்டிக்குள்ள வைச்சுச் சுருட்டிக் குடுங்கோ. மேல தேங்காய்ச் சம்பல். சின்னவனுக்கு அது தாக்கோ, பிள்ளைக்கு அது விரதச் சாப்பாடு. ஊறப்போடேக்க ஒரு சுண்டு கூடப் போடுங்கோ தம்பி. அஞ்சு மணிக்கு நானும் வந்திடுவன், பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். அவ வீட்டில எனக்குக் கஞ்சிதான்.