குஞ்சுக்கு ஒரு நாள் தவறாதவர்

புதுச்சத்திரத்துப் பண்ணைக்கார அண்ணா, உங்கள் அக்கறை வேறு யாருக்கு வரும்? ஹேச்சரியில் குஞ்சு பொரிந்த அன்றே மேரெக்ஸ் ஊசி. வாரம் திரும்புவதற்குள் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா, கண்ணில் ஒரு சொட்டு. அடுத்த வாரம் கம்போரோ நோய்க்கு மருந்து. வளர்ந்த பிறகு குடிதண்ணீரிலேயே மறுபடி லசோட்டா. அதற்காக முன்கூட்டியே தண்ணீரை நிறுத்திக் கோழியைத் தாகப்படுத்துவீர்கள். குளோரின் மருந்தைக் கெடுத்துவிடாதபடி பால்பவுடர் கரைப்பீர்கள். வெயில் ஏறுமுன் மருந்து வந்த ஐஸ் பெட்டியைக் காலி செய்துவிடுவீர்கள். நோய் வந்தபின் மருந்து தேடுவது பண்ணைத் தொழில் ஆகாது என்பது உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

உங்கள் நெஞ்சுறுதியும் பெரிது. மருந்து கொடுத்த கோழி ஒரு நாள் சோர்ந்து நின்றால், மருந்து பிடிக்கிறது என்று அமைதியாக இருப்பீர்கள். ஒரு குஞ்சு செத்துக் கிடந்தாலும் மருந்தின்மேல் பழி போடமாட்டீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப்போய், அறுத்துப் பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருப்பீர்கள்.

2021 ஜனவரி 16-ல் கொரோனா தடுப்பூசி தொடங்கியது. மார்ச்சில் 60 வயது கடந்தவர்களுக்கு முறை வந்தது. அப்போது உங்களிடம் கண்ட நிதானத்தையும் புகழ வேண்டும். எழுபதைத் தாண்டிய ஆத்தாவுக்குப் போடலாமா வேண்டாமா என்று வாரக்கணக்கில் யோசித்தீர்கள். ஏப்ரல் 15-ல் ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17-ல் காலமானார். ஊசி காரணமல்ல என்று ஒன்றிய அரசின் ஆய்வுக் குழு முடிவு சொல்ல அக்டோபர் ஆனது. நீங்களோ அவர் இறந்த அன்று மாலையே டீக்கடையில் காரணத்தைக் கண்டுவிட்டீர்கள். குஞ்சுக்குக் கல்லூரிவரை போகிறவருக்கு, ஆத்தாவுக்கு டீக்கடை பெஞ்சு போதுமானதாக இருந்தது.

மே மாதம் இரண்டாம் அலை வீடுகளுக்குள் நுழைந்தபோது ஊசி தேடி ஊர் ஊராக அலைந்தீர்களே, அந்தப் பாசத்தில் குறையே இல்லை. அலை தணிந்தபின், செப்டம்பர் 12-ல் தமிழகமெங்கும் ஏறத்தாழ 40,000 இடங்களில் முகாம் நடந்தது. நர்சம்மா ஐஸ் பெட்டியோடு நம் தெருவுக்கே வந்தார். ஷெட்டுக்கு வரும் ஐஸ் பெட்டிக்கு ஓடிப்போய்க் கதவு திறக்கும் நீங்கள், அந்தப் பெட்டிக்கு, “அப்புறம் பாக்கலாமுங்க” என்று மரியாதை குறையாமல் சொன்னீர்கள்.

2009-ல் பன்றிக்காய்ச்சல் உலகைச் சுற்றியபோதும் இதே மரியாதைதான். மறு ஆண்டே புணே சீரம் நிறுவனம், ஊசிக்கு அஞ்சுகிறவர்களுக்கும் ஏற்றபடி, மூக்கில் தெளிக்கும் மருந்தையே கொண்டுவந்தது. குஞ்சுக்குச் சொட்டு விட்டுப் பழகிய ஊருக்கு அதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. ஃப்ளூ காய்ச்சலுக்கு ஆண்டுக்கொரு முறை போடும் ஊசி இன்றும் இருக்கிறது. கோழிக்கு மறுமுறை மருந்து எதற்கு என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

எந்தப் பேட்சுக்கு எந்தத் தேதியில் என்ன மருந்து என்று உங்கள் நோட்டில் வரி பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கையெழுத்தை நான் மனதார மதிக்கிறேன். அதே நோட்டில், அதே கையால், ஆத்தா பெயருக்கும் ஒரு வரி எழுதுங்கள் அண்ணா.