கடைசி பஸ்ஸும் கவாய் காலையும்

மலாயில் பாலிக் புலாவ் என்றால் தீவின் மறுபக்கம். சீனர்களும் இந்த ஊரை மலைக்குப் பின்புறம் என்றே சொல்கிறார்கள். பினாங்குக்கு வருகிறவர்களுக்கு ஜார்ஜ் டவுன்தான் முகம். நாங்கள் முதுகுப் பக்கத்து ஜனங்கள். டுரியானுக்கும் லக்சாவுக்கும் எங்களைத் தேடி வருவார்கள், பொழுது சாய்வதற்குள் மலையைத் தாண்டித் திரும்பிவிடுவார்கள்.

அப்பா ஒரு ஹக்கா தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், தோட்டத்தில் வேலை பார்த்தார். ஜாதிக்காய், கிராம்பு, ஓரமாகச் சில டுரியான் மரங்கள். காய் வெடித்ததும் கொட்டையைச் சுற்றி இருக்கும் சிவப்பு வலையை, அதுதான் ஜாதிபத்திரி, கிழியாமல் நகத்தால் நெம்பி எடுப்பது அம்மாவின் வேலை. ரத்தச் சிவப்பாக முறத்தில் பரப்பியது நாலு வெயிலில் தேன் நிறத்துக்கு மாறிவிடும். அம்மாவின் கட்டைவிரல் நகத்தில் அந்தக் காரவாசனை போகவே போகாது. அவர் பிசைந்து ஊட்டிய சோற்றிலும் அது இருந்தது.

பக்கத்து வீட்டு மாக்சிக் எங்களுக்கென்று ஒரு சட்டி தனியாக வாங்கி வைத்திருந்தார். மாட்டிறைச்சி படாத சட்டி. ஹரி ராயாவுக்கு அதில்தான் எங்களுக்குக் கோழி ரெண்டாங் வரும். "இது உங்க சட்டி" என்று முதல் முறை அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றினார். சீனப் புத்தாண்டுக்குத் தவுக்கே வீட்டில் எங்களுக்கு ஆங் பாவ் உண்டு. இப்படித்தான் வளர்ந்தேன். அதனால் பல இனத்தாரோடு பழகுவது எப்படி என்று எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

1987-ல் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் வீட்டிலிருந்து போய் வருவேன். மஞ்சள் பஸ், பாயான் லெப்பாஸ், தெலுக் கும்பார் என்று தீவைச் சுற்றிக்கொண்டு வந்து, கெந்திங் மேட்டில் முக்கி முனகி ஏறி இறங்கும். கடைசி பஸ்ஸில் வரும் நாட்களில் அப்பா ரவுண்டபவுட் பக்கம் டார்ச் லைட்டோடு நின்றிருப்பார். "சாப்பிட்டியாம்மா?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கமாட்டார்.

அந்த வருஷம் கல்லூரி விருந்துக்கு என்னை ஏஜேகே, அதாவது செயற்குழு உறுப்பினர், ஆக்கினார்கள். மண்டபத்தில் ஒற்றுமையைப் பற்றி ஒரு பெரிய பதாகை தொங்கியது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. இந்தியர் ஒருவர் வேண்டும் என்பதால் நான். பொறுப்பு, சாப்பாடு. சைவம் எத்தனை பேர், மாட்டிறைச்சி சாப்பிடாதவர் எத்தனை பேர் என்று கணக்கெடுப்பது. நிகழ்ச்சியை எப்படி நடத்தலாம் என்று நோட்டுப் புத்தகத்தில் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.

கூட்டம் எப்போதும் ராத்திரிதான். விடுதியில் இருப்பவர்களுக்கு அது வசதி. பாதியில் கடைசி பஸ்ஸுக்கு நான் எழுந்து போவேன். அதற்குப் பிறகுதான் முக்கியமானதெல்லாம் முடிவாகும். முழு ஒத்திகையைத் தீபாவளிக்கு முந்தின நாள் வைத்தார்கள். தயங்கித் தயங்கிச் சொன்னேன். தலைவர் நல்ல மனிதர், உடனே முகம் மாறிவிட்டது. "பரவாயில்லை, நீ வர வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். என்னை யாரும் வெளியே தள்ளவில்லை. நான் இல்லாமல் முடிவெடுப்பதில் அவர்களுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் நெஞ்சில் நிற்பது அதுதான்.

அந்தத் தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில், அக்டோபர் 27 அன்று, ஒப்பராசி லாலாங் தொடங்கியது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள், சில நாளிதழ்களின் உரிமம் பறிபோனது. அதற்கு முன் நாட்டையே கொதிக்க வைத்த விஷயங்களில் ஒன்று, சீனப் பள்ளிகளுக்குச் சீனக் கல்வி பெறாதவர்களை உயர் பொறுப்புகளில் அனுப்பியது. யார் தலைமை தாங்குவது, எந்த மொழி தெரிந்தவர் தாங்குவது என்ற கேள்வி. கல்லூரியில் நாங்கள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு 1971-ன் சட்டம், கல்லூரிகளுக்கு 1976-ன் சட்டம் என்று மாணவர் வாய்க்கு ஏற்கெனவே பூட்டு இருந்தது. தலைமைத்துவம் என்றால் விருந்தும் விளையாட்டும் என்றே பழகிவிட்டோம்.

என் வயதுக்காரர்கள் கூடினால் "அந்தக் காலத்தில் இனம் பார்த்தோமா?" என்று தொடங்கிவிடுவார்கள். நானும் அப்படிப் பேசியவள்தான். இப்போது அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. மாக்சிக்கின் சட்டி உண்மை. அந்த அன்புக்கு ஈடாக எதையும் என்னால் வைக்க முடியாது. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தோட்டத்து மரங்களைத் தொட்டு வளர்த்த அப்பாவிடம், எந்த மரத்தை வெட்டலாம், எங்கே புதுக்கன்று வைக்கலாம் என்று ஒருமுறைகூட யாரும் கேட்டதில்லை. அதுவும் உண்மை. ஜார்ஜ் டவுனில் 1816-ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கியபோது, பெயரில் உள்ள அந்த 'ஃப்ரீ' எந்த இனத்துப் பிள்ளைக்கும் எந்த மதத்துப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கும் என்பதைத்தான் சொன்னது. கதவைத் திறந்து வைக்க இந்தத் தீவுக்கு இருநூறு வருஷமாகத் தெரியும். உள்ளே வந்தவருக்கு மேசையில் எந்த இடம் என்பதில்தான் இன்னும் தடுமாறுகிறோம்.

பாலிக் புலாவுக்கே இப்போது பொலிடெக்னிக் வந்துவிட்டது, தொழிற்கல்லூரி இருக்கிறது. மலை தாண்டிப் படிக்கப் போன காலம் மாறி, நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். 2018 டிசம்பரில் மாணவர் சட்டங்களைத் திருத்தி, வளாகத்துக்குள் அரசியல் கூடாது என்ற தடையை எடுத்தார்கள். அடுத்த வருஷம் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கினார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளை கையில் இன்று ஓட்டு இருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு, இங்கே ஒரு கல்லூரியில் மாணவர் மன்றத்துப் பிள்ளைகளுக்கு உள்ளடக்கிய தலைமைத்துவம் பற்றிப் பயிற்சி நடத்த என்னைக் கூப்பிட்டார்கள். சொல்வதற்கு எனக்கு நிறையவே இருந்தது. முதல் வகுப்பிலேயே தீபாவளி ஒத்திகைக் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள்.

பயிற்சி முகாமுக்கு நானே தேதி குறித்தேன். 2024 ஜூன் 1, சனிக்கிழமை. வகுப்பு இல்லாத நாள், யாருக்கும் இடைஞ்சல் இருக்காது என்று நினைத்தேன்.

அன்று காலை மன்றச் செயலாளரான மலாய்ப் பெண் என்னை ஓரமாக அழைத்தாள். "புவான், இன்றைக்குக் கவாய்" என்றாள். கடைசி வரிசையில் சரவாக்கிலிருந்து வந்த ஓர் ஈபான் பையன் உட்கார்ந்திருந்தான். எல்லோருக்கும் முன்னதாக வந்து நாற்காலி எடுத்துப் போட்டவன் அவன்தான்.

கவாய் டாயாக், ஈபான் உள்ளிட்ட டாயாக் மக்களுக்கு அறுவடை முடிந்து வரும் திருநாள். 1965 முதல் சரவாக்கில் ஜூன் 1 அன்று கொண்டாடுகிறார்கள், அங்கே அரசு விடுமுறை. தீபகற்பத்தில் விடுமுறை கிடையாது. தீபாவளிக்கு மலேசியா முழுக்க விடுமுறை, சரவாக்கில் மட்டும் இல்லை. அங்கே இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு என்ன நடக்குமோ, அதை இங்கே ஓர் ஈபான் பிள்ளைக்கு நான் செய்திருந்தேன். முப்பத்தேழு வருஷமாக அந்த ஒத்திகையை மறக்காதவள் நான். எனக்கு வலித்ததை மட்டும்தான் நினைவில் வைத்திருந்திருக்கிறேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவளிடம் கேட்டேன். ஒரு கோப்பைக் கொண்டுவந்து காட்டினாள். பருவத் தொடக்கத்தில் மன்றத்து ஆட்கள் எல்லோரிடமும் அவளாகவே ஒரு தாள் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறாள். இனம், மதம் என்று கட்டங்கள் எதுவும் அதில் இல்லை. ஒரே கேள்விதான். எது இருந்தால் உங்களால் கூட்டத்துக்கு வர முடியாமல் போகும்?

அந்தத் தாள்களை நின்றுகொண்டே படித்தேன். டுரியான் தோட்டத்து ஹக்காப் பையன், ஜூன், ஜூலையில் ராத்திரிகளில் வர முடியாது, பழம் இருட்டில்தான் விழும், பொறுக்க ஆள் இல்லை என்று எழுதியிருந்தான். ஒரு தமிழ்ப் பெண், அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், கூட்டிப் போவது தான்தான் என்று எழுதியிருந்தாள். அவள் எப்போதும் சுறுசுறுப்பாகச் சிரித்துக்கொண்டிருப்பவள், நான் எதையுமே ஊகிக்கவில்லை. ஒருவனுக்கு இடது காது கேட்காது, மேசையின் இடது கோடியில் உட்கார்ந்தால்தான் மற்றவர் பேசுவது பிடிபடும், இரண்டு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இன்னொருத்தி '401 பஸ்' என்று மட்டும் எழுதியிருந்தாள். அந்த எண்ணைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். இதே வழியில்தான் என் மஞ்சள் பஸ்ஸும் ஓடியது.

ஈபான் பையனின் தாளில் "கவாய். ஆனால் பரவாயில்லை, நான் வந்துவிடுவேன்" என்று இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன், எல்லோர் முன்னாலும். அவன் கூச்சத்தோடு "டாப்பா, புவான்" என்றான். பரவாயில்லையாம். பிறகு செயலாளர் எழுந்து, முகாமை மத்தியானத்தோடு முடித்துவிட்டு மீதியை அடுத்த சனிக்கிழமை பகலில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். முதலில் டுரியான் பையனைப் பார்த்துக் கேட்டாள், பிறகு 401 பெண்ணை, பிறகு டயாலிசிஸ் பெண்ணை. குறிப்பு எழுதும் வேலையும் அன்று ஒரு பையன் கைக்குப் போயிற்று. அதுவரை பெண்களே எழுதி வந்ததைக் கவனித்தவளும் அவள்தான். என் பயிற்சித் திட்டத்தில் இதெல்லாம் இரண்டாம் நாள் மாலைக்கு என்று போட்டிருந்தேன்.

மத்தியானம் அவன் வேலியோரம் நின்று வீட்டுக்கு வீடியோ கால் போட்டான். நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சுற்றி நின்றுகொண்டோம். திரையில் நீண்ட வீட்டின் நடை, பாய்கள், அங்கும் இங்கும் ஓடும் பிள்ளைகள். அவனுடைய பாட்டி திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்து எங்களைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"என்ன சொல்கிறார்?" என்றேன்.

"எல்லோரும் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார், புவான்."

இன்னும் இல்லை, பாட்டி, என்று நான் தமிழில் சொல்லிவிட்டேன். அவன் அதை ஈபானில் சொல்ல, அவர் உள்ளே திரும்பி யாரையோ சத்தமாகக் கூப்பிட்டார்.