கற்று முடித்த பின்பா பேசுவது?

கேள்வி: தலவாக்கலையில் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கருக்கு உதவியாளனாக இருக்கிறேன். தேயிலைத் தயாரிப்பைப் பற்றிக் காணொளிகள் வெளியிட ஆசை. தொழிலை முற்றக் கற்ற பின்பல்லவா அதைச் செய்ய வேண்டும்?

பதில்: முற்றக் கற்றவர் மட்டுமே வாய் திறக்கலாம் என்றொரு நியதி இருந்திருப்பின், நமது பாராளுமன்றம் என்றோ கொழுந்து வாட்டும் மாடியாக மாறியிருக்கும். உமது ஊர் சென் கூம்ஸ் தோட்டத்திலே இயங்குகிறதே, 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், அதன் விஞ்ஞானிகளும் சகலமும் அறிந்த பின்னரா எழுதுகோலைத் தொட்டார்கள்? பறித்த கொழுந்தை உருட்டுமுன் ஏன் மணிக்கணக்காக வாட்டுகிறோம், ஆண்டின் முதல் மாதங்களில் வறண்ட குளிர்காற்று வீசுங்கால் திம்புளைத் தேயிலைக்கு அத்தனை சுகந்தம் எங்கிருந்து வருகிறது என்று பிறருக்கு விளக்க முற்படும் அந்த க்ஷணத்திலேதான், கை அறிந்திருப்பதைப் புத்தி அறிந்திருக்கவில்லை என்பது புலனாகும். உடனே புத்தகத்தைத் தேடுவீர், பெரியவர்களைக் கேட்பீர். பிழையாகச் சொன்னாலோ, ஓய்வுபெற்ற டீமேக்கர் எவரேனும் சினந்தெழுந்து திருத்துவார். சம்பளம் கேளாத உபாத்தியாயர் அவர். ஆகவே தாராளமாகத் தொடங்கும். தொழிற்சாலைக்குள் படம் பிடிக்குமுன் மட்டும் துரையிடம் அனுமதி பெற்றுக்கொள்ளும். அவர் புகட்டும் பாடம் வேறு வகையைச் சேர்ந்தது.