ஆப்பும் ஆட்டுக்குட்டியும்

வாடா பேராண்டி, இப்பிடித் திண்ணையில உக்காரு. கையில என்ன, மடிக்கணினியா? பேருக்கு ஏத்தாப்புல மடியிலயே வச்சுக்க. கீழ வச்சா நம்ம கிடா மோந்து பாக்கும். ருசி பட்டுச்சுன்னா விடாது.

ஊருக்கே ஆப்பு வைக்கப் போறேன்னு சொன்னியாமே? உங்க ஆத்தா பதறிப்போயி ஓடியாந்தா. அப்பறந்தான் தெரிஞ்சுச்சு, அது மரத்துல அடிக்கிற ஆப்பு இல்ல, போன்ல இறக்குற ஆப்புன்னு. "சமூகத்துக்கான வாழ்நாள் டிஜிட்டல் கற்றல் தளம்"னு பேரு வேற. பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாதி வாழ்நாள் போயிருமேடா!

ஆமா, வாழ்நாள் பூராவும் படிக்கணும்னு இப்பத்தான் கண்டுபிடிச்சாகளாக்கும்? வெள்ளாடு சினை பிடிச்சா அஞ்சு மாசத்துல குட்டி போடும்னு எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல சொன்னாக? பல்லைப் பாத்து வயசைச் சொல்றேனே, அதுக்கு எவன் சர்டிபிகேட்டு குடுத்தான்?

போன மாசம் என்னையும் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டாக. திரையில படம் காட்டுனாக. இங்கிட்டு இருந்து அங்கிட்டு ஒரு அம்பு, அங்கிட்டு இருந்து இங்கிட்டு ஒரு அம்பு. பாரதப் போர்லகூட அம்புட்டு அம்பு பறந்திருக்காது. கடைசியில வடையும் டீயும். வடை நல்லாருந்துச்சு. வேற என்ன கத்துக்கிட்டேன்னு மட்டும் கேக்காத.

இன்னொரு ஊர்ல கம்ப்யூட்டரு வந்து இறங்குச்சு. சந்தனம் குங்குமம் வச்சாக. துணியப் போட்டு மூடுனாக. அறையைப் பூட்டிட்டாக. வருசத்துக்கு ஒருக்கா, ஆயுத பூசையன்னிக்குத்தான் தரிசனம். குலசாமி கூட அதைவிடச் சல்லிசாக் காட்சி குடுக்கும்.

கருவியே வேணாம்னா சொல்றேன்? அவசரப்படாத. நம்ம தேனிப் பக்கமே நடந்த கதையச் சொல்றேன், கேளு.

கனடாவுல காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்னு ஒரு அமைப்பு. விவசாயிகளுக்கு வாழ்நாள் கல்வின்னு 2004 வாக்குல இங்க வேலையத் தொடங்குனாக. கனடாக்காரன் வந்து நமக்கு ஆடு வளக்கச் சொல்லித் தரணுமான்னுதான் நானும் சிரிச்சேன். ஆனா அவுக கூட்டிக்கிட்டது விடியல்ங்கிற உள்ளூர்த் தொண்டு அமைப்பை. அதுல சுய உதவிக் குழுப் பொம்பளைக 300 பேரு, ஆடு வளக்கக் கடன் கேட்டாக. என்ன கேட்டாக தெரியுமா? ஆளுக்கு ஒம்போது பெட்டை, ஒரு கிடா, கூடவே ஒரு செல்போன். எல்லாம் ஒரே கடன்ல! போனு அங்க சொகுசு இல்லடா, அதுவும் பட்டியில ஒரு உருப்படி.

வகுப்புக்கு வாங்கன்னா எப்பிடி வருவாக? ஆட்டை யாரு மேய்க்க, நீயா? அதனால பாடம் மேய்ச்சக் காட்டுக்கே போச்சு. இடுப்புல செருகுன போன் அடிக்கும். எடுத்தா, தமிழ்ல ஒரு குரல் ஆட்டைப் பத்திப் பேசும். சீம்பாலு, குடல்புழு, தடுப்பூசின்னு அன்னாடத்துக்கு வேண்டிய சங்கதி. எழுத்துத் தெரியாட்டி என்ன, காது இருக்கில்ல? கேட்டதக் குழுவுல வச்சுப் பேசுவாக. "எங்காட்டுக்கு அது ஒத்துவரல"ன்னு ஒருத்தி மல்லுக்கு நிப்பா. அந்த மல்லுக்கட்டுதாண்டா படிப்பு.

புதுச்சேரிப் பக்கம் போ. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல ஊருக்குள்ள தகவல் மையம் வைக்க ஆரம்பிச்சுச்சு. வீராம்பட்டினத்துல, அமெரிக்கக் கடற்படை இணையத்துல போட்ட அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில சொன்னாக. திருவிழாவுக்குப் பாட்டுப் போடுற அதே குழாய் ரகந்தான். போர்க்கப்பல்காரன் கணக்கு கட்டுமரக்காரன் காதுக்கு வந்து சேந்துருச்சு. பக்கத்துல நல்லவாடு. 2004-ல சுனாமி வந்தன்னிக்கு, சிங்கப்பூர்ல இருந்த ஊர்ப் பையன் போன்ல பதறுனான். அந்தச் சேதிய மையத்துக் குழாயில சொல்லித்தான் சனம் மேட்டுக்கு ஓடிப் பிழைச்சுச்சு. அன்னிக்கு அந்தக் குழாய், பேரு என்ன, பாஸ்வேர்டு என்னன்னு கேட்டுக்கிட்டு நின்னிருந்தா?

இப்ப உன் ஆப்பைத் திற, பாப்போம். மின்னஞ்சல் கேக்குது. ஓடிபி கேக்குது. பொறந்த தேதி கேக்குது. உங்க அப்பத்தாவக் கேட்டா, "கண்மாய் ஒடைஞ்ச வருசம் பொறந்தேன்"பா. அதை எந்தக் கட்டத்துல தட்டுவ? படிச்சு முடிச்சா நட்சத்திரம் வேற குடுக்குமாம். எங்களுக்கு நட்சத்திரம் பஞ்சமாடா? ராத்திரி கட்டில்ல மல்லாந்து படுத்தா எண்ணி முடியல.

ஆப்பசைச்ச குரங்கு கதை தெரியுமில்ல? ஆப்புல குத்தம் இல்ல. வால் எங்க கெடக்குன்னு பாக்காம உருவுனதுதான் குத்தம். மொதல்ல நாலு வீட்டுக்குப் போ. மோரு குடுத்தா குடி. "என்ன தெரிஞ்சா உங்களுக்கு நாலு காசு மிஞ்சும், ஒரு குட்டி பிழைக்கும்?"னு கேளு. அவுக சொல்றதக் காதுல வாங்கு. அதுக்கு ஆப்பு வேணும்னா ஆப்பு, குழாய் போதும்னா குழாய். கோவணத்துக்குத் தக்கன துணி கிழி. வேட்டிய நெய்துட்டு இடுப்பைத் தேடாத.

சரி சரி, மூஞ்சியத் தூக்காத. போறதுக்கு முன்னால இந்தப் போனைக் கொஞ்சம் பாரு. ஆட்டு டாக்டரு ஏதோ குரல்ல அனுப்பியிருக்காரு, ஆட்டுக்கொல்லி ஊசி பத்தி. எதை அமுக்குனா பேசும்னு பிடிபடல. பைய வை, சத்தத்தைக் கூட்டாத. உங்க அப்பத்தா காதுல விழுந்துறப் போகுது. இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும்னு அவகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்.