குருவிக்கு ஒரு வில்லா

(இடம்: ஒரு தச்சுப் பட்டறை. உலகச் சிட்டுக்குருவி நாளுக்கு இன்னும் இரண்டு வாரம். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒரு வண்ணப் பெட்டியோடு ஆசாரியின் முன் நிற்கிறார்.)

செயலாளர்: ஆசாரியாரே, இதுதான் மாதிரி. சிவப்புக் கூரை, நீலச் சுவர், பொய் ஜன்னல் இரண்டு, வாசலில் குருவி உட்கார ஒரு குச்சி. என்ன கலைநயம் பாருங்கள்! இதேபோல் நூறு பெட்டி வேண்டும். 2010 முதல் உலகமே மார்ச் 20ஐக் கொண்டாடுகிறது. டெல்லியில் சிட்டுக்குருவியை மாநிலப் பறவையாகவே அறிவித்துவிட்டார்கள். நாம் மட்டும் சும்மா இருந்தால் எதிர் அடுக்குமாடிக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? தலைவர் முதல் பெட்டியை மாட்டுவார். போட்டோகிராபர், மாலை, பொங்கல் வடை எல்லாம் சொல்லியாயிற்று.

ஆசாரி: குருவிக்குச் சொல்லியாச்சா சார்? ஏன் கேக்கறேன்னா, அது தேடறது எதுவும் இந்தப் பெட்டியில இல்ல. அதுக்கு வேண்டாதது எல்லாம் இருக்கு. வாசலையே எடுத்துக்குங்க. தாராளமா ரெண்டங்குலம் வெட்டியிருக்கான். சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர், அதாவது ஒண்ணேகால் அங்குலம் போதும். ரெண்டங்குலம் வெட்டினா மைனா குடிவந்துடும். அந்தக் குச்சி அதைவிட மோசம். குருவி பலகையை நகத்தால கவ்விக்கிட்டே உள்ள நுழைஞ்சுடும். குச்சி உதவறது, வாசல்ல உட்கார்ந்து குஞ்சை எட்டிக் கொத்தப் பார்க்கிற காக்காய்க்குத்தான். உள்பக்கம் வார்னிஷ் பூசி வழவழன்னு வச்சிருக்கான். பொரிஞ்ச குஞ்சு ரெண்டு வாரம் போல உள்ள இருந்துட்டு வெளிய வரணும். வாசலோ தரையிலேருந்து அஞ்சங்குலம் மேல. நகம் பிடிக்க இடமில்லாத சுவத்துல அது எப்படி ஏறும்? வாசலுக்குக் கீழ உள்பக்கமா உளியால நாலு கோடு குறுக்கே கீறிவிட்டா அதுதான் ஏணி. அந்தக் கீறல் போட்டோவுல விழாது. நல்ல பெட்டியோட குணம் முழுக்க போட்டோவுல விழாத இடத்துலதான் சார் இருக்கு.

செயலாளர்: அதெல்லாம் சரி, மரம் என்றால் உளுத்துப்போகும், கரையான் அரிக்கும். பிளாஸ்டிக்கில் வாங்கிவிட்டால் என்ன? இருபது வருடத்துக்கு ஒன்றும் ஆகாது என்கிறார் கடைக்காரர். நீடித்து உழைக்க வேண்டும் என்பதுதானே உங்கள் கட்சியும்?

ஆசாரி: பெட்டி இருபது வருஷம் இருக்கும், உள்ள இருக்கிற குஞ்சு ரெண்டு வாரம் இருக்கணுமே! சித்திரை வெயில்லயும் குருவி அடைகாக்கும். மெல்லிசான பிளாஸ்டிக்கும் தகரமும் அந்தச் சூட்டை அப்படியே உள்ள இறக்கிடும். ஈரம் வெளிய போக வழியில்லாம சுவர் வேர்க்கும். முக்கால் அங்குலப் பலகை சூட்டை மெதுவாத்தான் உள்ள விடும், ஈரத்தையும் உறிஞ்சிக்கும். மரம் உளுக்கிறது மரத்தோட குத்தமில்ல, தண்ணி தங்கற மாதிரி அடிச்சவன் குத்தம். பலகை தண்ணி குடிக்கிறது அதோட வெட்டு முனை வழியா. அதனால அடிப்பலகையைச் சுவருக்குக் கீழ வச்சு அடிக்கக் கூடாது; நாலு சுவருக்கும் உள்ள நுழைச்சு, கால் அங்குலம் மேல தூக்கிப் பூட்டணும். சுவத்துல வழியற மழை அதைத் தொடாமலே சொட்டிடும். கூரை சரிவா, முன்பக்கம் ரெண்டங்குலம் நீட்டிக்கிட்டு இருக்கணும். நீட்டலுக்கு அடியில ஒரு காடி இழுத்துட்டா, தண்ணி பலகையை ஒட்டிக்கிட்டே வாசலுக்கு ஓடி வராது. தரையில மூலைக்கு ஒண்ணா நாலு துளை. ஆணி வேண்டாம், மழையில ஊதி வெயில்ல சுருங்கற மரம் ஆணியை மெல்ல மெல்ல வெளிய தள்ளிடும், துருப்பிடிக்காத திருகாணின்னா நிக்கும். செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க. பழைய வீடு இடிக்கிற இடத்துல கிடைக்கிற தேக்கு, வேம்புத் துண்டு போதும். வேம்பைக் கரையான் லேசுல தொடாது.

செயலாளர்: குருவிக்கு நீங்கள் ரொம்பத்தான் இடம் கொடுக்கிறீர்கள். 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்குக்கான சுவிட்ச் பெட்டியிலேயே ஒரு பறவை கூடு கட்டியது. ஊரே 35 நாள் தெருவிளக்குப் போடாமல் இருந்தது. சுவிட்ச் பெட்டியில் முட்டையிடுகிற ஜாதிக்குத் தேக்கு மரமா?

ஆசாரி: நியாயமான கேள்வி. ஆனா இடம் கிடைக்காத பறவை எங்கயும்தான் முட்டையிடும். முட்டையிட்டதால அந்த இடம் நல்ல இடம்னு ஆகிடாது. அங்க கூடு பிழைச்சதுக்கு ஊர்ஜனம் இருட்டுல நடந்ததுதான் காரணம். அவங்க பேனர் வைக்கல, பெயின்ட் அடிக்கல. பெட்டியில கை வைக்காம இருந்தாங்க. மூடின இடம், மழை படாத மறைவு, மனுஷன் தொந்தரவு இல்லாத நிம்மதி, இந்த மூணும்தான் பறவை கேக்கறது. ஓட்டு வீட்டு இறவாணத்துல அது தானா கிடைச்சுது. கான்கிரீட் வந்ததும் இடுக்கு எல்லாத்தையும் பூசி அடைச்சுட்டோம். நான் அடிக்கிற பெட்டி அந்த இடுக்குக்கு ஈடு, அவ்வளவுதான்.

செயலாளர்: இடுக்கா காரணம்? செல்போன் கோபுரம்தான் குருவியை அழித்தது! ‘2.0’ படத்தில் அவ்வளவு தெளிவாகக் காட்டினார்களே! அது கிடக்கட்டும், நம் தோட்டத்துத் தேன்சிட்டுக்கும் தையல்சிட்டுக்கும் ஆளுக்குப் பத்துப் பெட்டி ஒதுக்கிவிடுங்கள்.

ஆசாரி: படத்தைச் சாட்சிக்கூண்டுல ஏத்தாதீங்க சார். சிக்னல் நிறைஞ்ச கடைவீதியிலயும் ரயில் நிலையத்துலயும் இன்னிக்கும் குருவி கத்திக்கிட்டுத்தான் இருக்கு. கோபுரத்தைக் குத்தம் சொல்றதுல ஒரு சௌகரியம், சங்கம் எதையும் மாத்திக்க வேண்டாம். குருவிக் குஞ்சு அரிசி தின்னு வளராது. தாய் கொண்டுவர்ற புழு பூச்சிதான் அதுக்குச் சாப்பாடு. புல்தரைக்கு மருந்தடிச்சுட்டுச் சுவத்துல பெட்டி மாட்டறது, சமையல்கட்டை இடிச்சுட்டு விருந்துக்கு அழைக்கிற கதை. தேன்சிட்டு தொங்கற கூடு கட்டும், தையல்சிட்டு இலையைத் தைச்சுக்கும். அதுங்களுக்குச் செடிதான் வேணும், பெட்டி இல்ல. பெட்டி பொந்துல வாழற ஜாதிக்கு: சிட்டுக்குருவி, மைனா, குண்டுகரிச்சான். அதுலயும் குருவி அண்டை அயலோட வாழறது. ரெண்டு மூணு பெட்டியைப் பக்கம் பக்கமா, சன்ஷேடுக்கு அடியில, மேற்கு வெயில் படாத சுவத்துல, பத்தடி உசரத்துல மாட்டணும். இவ்வளவு செஞ்சும் முதல் வருஷம் காலியாவே கிடக்கலாம். அதுக்காகப் பெட்டியை இடம் மாத்திக்கிட்டே இருக்கக் கூடாது.

செயலாளர்: சரி, நூறும் நீங்கள் சொன்னபடியே. ஒரே ஒரு வேண்டுகோள். முகப்பில் ‘உபயம்’ என்று போட்டு நன்கொடையாளர் பெயர் பெரிதாக வர வேண்டும்.

ஆசாரி: வெளிப்பக்கம் தாராளமா எழுதிக்குங்க. உள்பக்கம் மட்டும் பெயின்ட் படக் கூடாது. ஆனா நான் கூரையைக் கீல் போட்டுத்தான் அடிப்பேன். குஞ்சு பறந்து போனதும் பழைய கூட்டை எடுத்துட்டு, கொதிக்கிற தண்ணி ஊத்தி, வெயில்ல காயவச்சு மறுபடி மாட்டணும். இல்லேன்னா உள்ள சேர்ந்த செள்ளும் பேனும் அடுத்த ஈட்டுக் குஞ்சை வாட்டி எடுத்துடும். பூச்சிமருந்தும் தெளிக்கக் கூடாது. எவ்வளவு நல்ல மரமா இருந்தாலும் இதைச் செய்ய ஆள் இல்லேன்னா பெட்டி நீடிக்காது. அதனால ‘உபயம்’ பேருக்குக் கீழ, ‘சுத்தம் செய்யும் பொறுப்பு’ன்னு இன்னொரு பேரும் எழுதுங்க.

செயலாளர்: அதற்கு எவர் சம்மதிப்பார்? நன்கொடைக்கு நூறு பேர் ரெடி. ஏணி ஏறச் சொன்னால், பொதுக்குழுவில் மிஞ்சிப்போனால் மூன்று பேர் தேறுவார்கள்.

ஆசாரி: அப்ப மூணு பெட்டி சார். நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க.